மாமி வேஷத்துக்குச் சிரிச்சோம், அந்த ஜோடி எங்கே போச்சு? தமிழ் காமெடி பாலினத்தை எப்படிக் காட்டுது?

வத்தலக்குண்டைத் தாண்டி கொடைக்கானல் பஸ் மலையேறத் தொடங்கும். பக்கத்து சீட்டுக்காரரின் போனில் ஒரு பழைய காமெடி கிளிப் ஓடும். ஓர் ஆண் கொஞ்சம் நளினமாக நடந்து வருவார். பின்னணியில் ஒரு ‘டொய்ங்’ சத்தம், உடனே நாலு சீட்டிலிருந்து சிரிப்பு. நாமும்தான் சிரித்திருப்போம். அதே மாதிரி நடையால் ஸ்கூலில் பட்டப்பெயர் வாங்கிய ஒருவர், அதே பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

‘ஜோக்குதானே பாஸ், இதுக்குப் போய்...’ என்பீர்கள். சரி, ஜோக்காகவே எடுத்துக்கொள்வோம். அந்த ஜோக் எப்படி வேலை செய்கிறது?

வேஷம் போட்டா ஏன் சிரிப்பு வருது?

1995-இல் ‘ஆணழகன்’, 1996-இல் ‘அவ்வை சண்முகி’, 2016-இல் ‘ரெமோ’. ஹீரோ பெண் வேடம் போடுவது தமிழ் சினிமாவின் சேஃப்டியான ஃபார்முலா. உள்ளே இருப்பது யார் என்று நமக்குத் தெரியும், கதையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ‘அவ்வை சண்முகி’யில் நாம் சிரிப்பது மாமியைப் பார்த்து அல்ல. மாமி மேல் ஆசைப்பட்டு அலையும் ஜெமினி கணேசனையும் மணிவண்ணனையும் பார்த்துத்தான். மாமியோ அந்த வீட்டையே கட்டி ஆளுகிறார். ‘ரெமோ’வில் கதை வேறு. நர்ஸ் வேடம் ஒரு பெண்ணை ஏமாற்றிக் காதலிக்க வைக்கும் தந்திரமாகிவிட்டது. விமர்சனம் வந்ததும் அதனால்தான்.

காணாமல் போன ஜோடி

‘அவ்வை சண்முகி’க்கு முன்மாதிரி 1993-இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ என்பது பலருக்கும் தெரியும். அந்தப் படத்தில் ராபின் வில்லியம்ஸுக்குப் பாட்டி மேக்கப் போட்டுவிடுவது யார் தெரியுமா? அவருடைய அண்ணன் தம்பி உறவில் வரும் ஃபிராங்கும், ஃபிராங்கின் ஆண் துணைவர் ஜாக்கும். யாரும் அதிர்ச்சியடையாத, குழந்தைகளுக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்ப ஜோடி.

தமிழுக்கு வந்தபோது அந்த இடத்தில் குடிப்பழக்கம் உள்ள மேக்கப்மேன் ஜோசப்பாக நாகேஷ் வந்தார். நாகேஷ் அசத்தினார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆண் புடவை கட்டுவதை ஏற்றுக்கொண்ட நம் காமெடி, இரண்டு ஆண்கள் ஜோடியாக வாழ்வதைத் தொடவே இல்லை.

அதே 1996-இல் ஹாலிவுட்டில் ‘தி பேர்ட்கேஜ்’ வந்தது. ஒரு ஆண் ஜோடி வளர்த்த மகனுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா கட்டுப்பெட்டியான அரசியல்வாதி. அவருக்காக வீட்டின் நிஜத்தை மறைக்கப் படும் பாடுதான் காமெடி. கடைசியில் அந்த அரசியல்வாதியே பெண் வேடம் போட்டுத் தப்பி ஓடுகிறார். சிரிப்பு அந்தக் குடும்பத்தின் மேல் விழவில்லை, ஊருக்குப் பயந்து போடும் நாடகத்தின் மேல் விழுந்தது.

ஜோக் எப்போ கடிக்குது?

வேஷம் கலைந்ததும் ஹீரோ பழையபடி ஆணாகிவிடுவார். கலைக்க வேஷமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? 2015 பொங்கலுக்கு வந்த ‘ஐ’ படத்தில் ஓஜாஸ் ரஜானி நடித்த மேக்கப் கலைஞர் பாத்திரம் கேலிக்கும் அருவருப்புக்கும் ஆளானது. திருநங்கைகள் சென்னையில் போராட்டம் நடத்தினார்கள். ஓஜாஸ் நிஜ வாழ்க்கையிலும் மேக்கப் கலைஞர், திருநங்கை. வடிவேலுவின் ‘அவனா நீ’யோ படம் மறந்துபோன பிறகும் மீமாக, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரை மடக்கும் ஆயுதமாக உயிரோடு இருக்கிறது.

ஏதாவது மாறியிருக்கா?

மெதுவாக. 2010-இல் வெங்கட்பிரபுவின் ‘கோவா’வில் சம்பத், அரவிந்த் ஆகாஷ் இருவரும் டேனியல் - ஜாக் ஜோடியாக வந்தார்கள். கிண்டல் இருந்தது. ஆனால் அவர்களுக்குள் பொறாமையும் பாசமும் இருந்தன. 2025 பொங்கலுக்கு வந்த கிருத்திகா உதயநிதியின் ‘காதலிக்க நேரமில்லை’யில் வினய் நடித்த சேது தன்பாலீர்ப்பாளர். பின்னாளில் குழந்தை வேண்டும் என்று விந்தணுவைச் சேமித்துவைக்கப் போகிறார், நண்பனையும் கூட அழைத்துப் போகிறார். கதையே அங்கிருந்துதான் கிளம்புகிறது. சேதுவின் ஆசை அங்கே ஜோக் இல்லை.

கொடைக்கானலில் ஒரு வீடு

கொடைக்கானல் என்றால் சினிமாவுக்கு டூயட், இல்லையென்றால் ஹனிமூன். அதே மலையில் படமாக்கப்பட்ட ராமின் ‘பேரன்பு’ (2019) காமெடி அல்ல. மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு ஊர் ஒதுக்கிய அப்பாவாக மம்மூட்டி. திருநங்கை மீராவாக, நிஜத்திலும் திருநங்கையான அஞ்சலி அமீர். முடிவில் மூவரும் ஒரு குடும்பமாகிறார்கள். ‘ஐயோ’ என்றோ ‘ஹாஹா’ என்றோ பின்னணி இசை குறுக்கே வருவதில்லை.

சரி, கோர்ட் என்ன சொல்லுது?

2021 ஜூனில், வீட்டு எதிர்ப்புக்குத் தப்பி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியல் வல்லுநரிடம் பாடம் கேட்டபின் எழுதிய தீர்ப்பு அது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. 2023-இல் தன்பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் 2025 மே மாதம், கல்யாணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

அப்போ சிரிக்கவே கூடாதா?

தாராளமாகச் சிரிக்கலாம். ஒரு சின்ன டெஸ்ட் மட்டும் செய்து பாருங்கள். அந்த கேரக்டரின் நடையையும் குரலையும் எடுத்துவிட்டால் ஜோக் மிஞ்சுகிறதா? ‘அவ்வை சண்முகி’யில் மிஞ்சும், ஏமாந்து நிற்பவர்கள் இருக்கிறார்களே. அந்த ‘டொய்ங்’ கிளிப்பில் எதுவும் மிஞ்சாது. அடுத்த முறை குரூப்பில் அப்படி ஒன்று வந்தால், ஃபார்வர்ட் பட்டனைத் தட்டுமுன் அந்த ஜன்னலோர சீட்டை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.