இந்த இறாலுக்கு எந்த ஊர்?

மாணவ நண்பர்களே, அடுத்த முறை மீன் அங்காடிக்குப் போகும்போது இறால் கூடைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரு கூடையில் இறால்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். பக்கத்துக் கூடையிலோ அச்சில் வார்த்தாற்போல எல்லாம் ஒரே அளவில் இருக்கும். “அது கடல் இறால், இது வளர்ப்பு இறால்” என்பார் விற்பவர். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்த நாள்களில் கடல் இறால் அரிதாகும், விலையும் ஏறும். வளர்ப்பு இறால் மட்டும் குளங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

பூமியின் மறுபக்கத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் லூசியானா மாநிலம் மெக்சிகோ வளைகுடாவின் கரையில் உள்ளது. இறால் பிடிப்பது அங்கே பல குடும்பங்களுக்குப் பரம்பரைத் தொழில். ஆயினும், அமெரிக்க மக்கள் உண்ணும் இறாலில் 100-க்கு 90 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருவது. அதை அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் நிற்பது நம் இந்தியா! 2023-ஆம் ஆண்டில் லூசியானா மீனவருக்குப் படகுத்துறையில் கிடைத்த விலை கடுமையாகச் சரிந்தது. டீசல் செலவுக்கே கட்டாது என்று பலர் படகுகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். மற்ற உணவுப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

வீட்டு வாசலில் கிடைக்கும் இறாலைவிட, பதினாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து உறைபனியில் வரும் இறால் எப்படி மலிவாக இருக்க முடியும்? இதற்கு விடை தேட வேண்டுமானால் முதலில் இறாலின் வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும்.

கடலில் பிறந்து கழியில் வளர்ந்து...

தாய் இறால் கரையிலிருந்து தள்ளிக் கடலில் முட்டையிடுகிறது. ஒரே தடவையில் இலட்சக்கணக்கில்! ஏறக்குறைய 14 மணி நேரத்தில் முட்டை பொரிந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத ‘நாப்ளியஸ்’ என்னும் இளவுயிரி வெளிவருகிறது. அது பின்னர் ‘சோயியா’, ‘மைசிஸ்’ என இருமுறை உருமாறி, சுமார் 10 நாள்களில் குட்டி இறாலாகிறது. இந்தக் குஞ்சுகள் அலையோடு கழிமுகங்களுக்கும் அலையாத்திக் காடுகளுக்கும் வந்து சேர்கின்றன. அங்கே உணவும் உண்டு, ஒளிந்துகொள்ள இடமும் உண்டு. சில மாதங்கள் வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன.

இவற்றுக்குத் தீனி போடுவார் யாருமில்லை. கடலே ஊட்டி வளர்க்கிறது. செலவு பிடிப்பதில்தான். இறால் கடலடியில் பரவலாக வாழ்வது. அதைப் பிடிக்க மடியைத் தரையோடு தரையாக மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். இறால் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இயந்திரம் டீசலைக் குடித்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, மடியில் இறாலைவிட அதிக எடைக்கு வேறு உயிரினங்கள் ஏறிவிடுவதும் உண்டு.

கடலாமைகளும் அப்படி மாட்டிக்கொள்ளும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. மடிக்குள் நெடுநேரம் சிக்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். இதைத் தடுக்க எளிய கருவி ஒன்று உண்டு. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். இறால் கம்பிகளின் இடையே புகுந்து மடியின் அடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் தட்டி, சட்டத்தின் ஓரத்தில் உள்ள திறப்பின் வழியே தப்பிவிடும். இந்த ஏற்பாடு இல்லாத படகுகள் பிடித்த கடல் இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டப்படி 2019-இல் இந்தியக் கடல் இறாலின் இறக்குமதியை நிறுத்தியது. ஆக, இந்தியாவிலிருந்து அங்கே பெருமளவில் செல்வது குளத்து இறால்தான்.

குளத்தில் நான்கு மாதம்

அந்தக் குளத்து இறாலின் பெயர் வனாமி. நம் கரையில் இயற்கையாக வாழும் வெள்ளை இறாலும் புலி இறாலும் வேறு, இது வேறு. வனாமியின் தாயகம் மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கடற்கரை. சோதனை முறையில் 2003-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2009-இல் பரவலாக வளர்க்க அனுமதி கிடைத்தது.

ஏன் இந்த வெளிநாட்டு விருந்தாளியை அழைத்தார்கள்? அதற்குமுன் நம் பண்ணைகளில் வளர்ந்தது புலி இறால். அதைக் குளத்திலேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யவைப்பது கடினமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கடலில் தாய் இறாலைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதன் உடலில் என்ன கிருமி இருக்கிறதென்று பார்த்தால் தெரியாது. 1994-95-இல் வெண்புள்ளி நோய் என்னும் வைரஸ் நோய் பரவியது. நோய் கண்ட குளம் 3 முதல் 10 நாள்களுக்குள் முற்றிலும் அழிந்துவிடும். மனிதரை இந்த வைரஸ் ஒன்றும் செய்யாது. ஆனால், கடன் வாங்கிப் பண்ணை வைத்தவர்களின் வாழ்வை அது குலைத்துவிட்டது.

வனாமியோ ஆட்டையும் மாட்டையும்போல மனிதரின் கையிலேயே தலைமுறைகளாகப் பெருகக்கூடியது. எனவே நோய்க்கிருமி அற்ற தாய் இறால்களை உருவாக்க முடிந்தது. புலி இறால் குளத்தின் தரையையே பெரிதும் சார்ந்திருக்கும். வனாமி நீர் முழுவதிலும் நீந்தும். ஆகவே ஒரே குளத்தில் அதிகமாக வளர்க்கலாம். தீனியில் புரதமும் குறைவாக இருந்தால் போதும். கடல்நீரின் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். வனாமி அதைவிட மிகக் குறைந்த உப்பிலும் வளரும். நான்கே மாதத்தில் அறுவடை! எல்லாம் ஒரே வயது என்பதால் ஒரே அளவு. தேவைப்படும் நாளில் வலை போட்டு அள்ளிக்கொள்ளலாம். கப்பலில் பெட்டி பெட்டியாகச் செல்லும்போது ஒரு கிலோவுக்கு ஆகும் பயணச் செலவும் குறைவு. மலிவின் இரகசியம் இதுதான்.

போய் வந்த இறால்

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். நம் பொரிப்பகங்களுக்கு வேண்டிய வனாமித் தாய் இறால்களில் பெரும் பகுதி அமெரிக்காவின் ஹவாய், ஃபுளோரிடா போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வருவது. சென்னையை அடுத்த நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் அவற்றை வைத்து, நோய் இல்லையென்று சோதித்தபின்பே பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே பிறக்கும் குஞ்சுகள் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் வளர்ந்து, உறைந்த நிலையில் அமெரிக்காவுக்கே திரும்புகின்றன. லூசியானாவில் அது ‘இறக்குமதி இறால்’. நம் அங்காடியில் அதே வனாமி ‘உள்ளூர் இறால்’! இந்த இறாலுக்கு எந்த ஊர் என்று சொல்வீர்கள்?

விலைச்சீட்டில் ஏறாத செலவு

மலிவு என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. அந்தச் செலவை வேறு யாரேனும் சுமக்கலாம். 1990-களில் நம் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகியபோது, வயலும் குடிநீரும் உப்பாகின்றன என்று தஞ்சைக் கடற்கரை மக்கள் போராடினார்கள். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன.

நோய்க்கு அஞ்சித் தடை செய்யப்பட்ட உயிர் எதிர்ப்பு மருந்துகளைக் குளத்தில் இடுவோரும் உண்டு. அதனால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகும். இறாலை அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் மருந்து எச்சத்தைச் சோதிப்பது இதற்காகத்தான்.

ஒரே இனத்தை, ஒரே சந்தையை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காடாயிற்று. உடனே கலங்கியவர்கள் ஆந்திரத்து இறால் விவசாயிகள்! லூசியானா மீனவர் விலை சரிந்து தவித்தார்; நம் விவசாயி வரி ஏறித் தவித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

இதற்கு அறிவியல் என்ன செய்கிறது? சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டு வெள்ளை இறாலைக் கையிலெடுத்துள்ளது. நன்றாக வளரும் இறால்களைத் தேர்ந்தெடுத்து, தலைமுறைதோறும் மேம்படுத்தும் தேசியத் திட்டம் 2023-இல் தொடங்கியது. பல ஆண்டு பிடிக்கும் வேலை இது. லூசியானாவோ வேறு வழியில் முயன்றது. இறக்குமதி இறாலைப் பரிமாறும் உணவகங்கள் அதை வாடிக்கையாளருக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்று 2019-இல் சட்டம் செய்தது. சமைத்த இறாலாக இருந்தாலும் மரபணுச் சோதனை அதன் இனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளூர் என்பதால் நல்லது என்றோ, வெளிநாடு என்பதால் கெட்டது என்றோ முடிவு கட்டிவிட வேண்டாம். எந்த இனம்? கடலா, குளமா? எப்படிப் பிடித்தார்கள், எப்படி வளர்த்தார்கள்? கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் இறால் வாங்கும் நாளில் ஒரு கிலோவில் எத்தனை இறால்கள் என்று எண்ணுங்கள். வணிகர்கள் இதைத்தான் ‘கவுண்ட்’ என்கிறார்கள். 30 கவுண்ட் என்றால் ஓர் இறால் ஏறத்தாழ 33 கிராம். 60 கவுண்ட் என்றால் அதில் பாதி. எண் கூடக் கூட இறால் சிறிது, விலையும் குறைவு. பிறகு தலையும் ஓடும் நீக்கிய சதையை நிறுத்துப் பாருங்கள். கொடுத்த பணத்தை அந்த எடையால் வகுத்தால், உண்ணும் ஒரு கிலோ சதையின் உண்மை விலை தெரியும். கடல் இறாலுக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட்டு வகுப்பில் சொல்லுங்கள். வியப்பான விடை கிடைக்கலாம்!