வயலை விட்டகன்ற உழைப்பும் நீரிழிவும்

வன்னிப் பெருநிலத்தில் நம் முன்னோர் தேகாப்பியாசம் என்று தனியே ஒன்றைச் செய்தாரல்லர். மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டுதல், அரிவு வெட்டுதல், கதிர்க்கட்டுச் சுமத்தல், சூடு மிதித்தல் ஆகிய தொழில்களே அவர்தம் உடலைப் பேணின. இன்று இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் அறுவடை இயந்திரம் கதிரை அறுத்து, நெல்லையும் அங்கேயே பிரித்துத் தருகின்றது. இதனை யாம் குறைகூறவில்லை. குனிந்து வெட்டி முதுகு நொந்தோர் எவரும் அக்காலம் மீளுதலை விரும்பார். ஆயினும், உழைப்புக் குறைந்த அளவிற்குச் சோறு குறைந்திலது.

துவிச்சக்கரவண்டியின் கதையும் இதுவே. 1990களில் எரிபொருட் தடை நிலவியபோது ஆசிரியரும் மாணவரும் நோயாளரும் நெல்மூடையும் அதிலேயே சென்றனர். அத்தட்டுப்பாட்டின் கொடுமையைப் பட்டவர் புகழார். எனினும், இன்று பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளிலன்றோ செல்கின்றோம்!

உண்ட சோறு குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கின்றது. அதிற் பெரும்பகுதியை ஏற்பன தசைகளே. அவற்றின் கதவைத் திறப்பது இன்சுலின் என்னுஞ் சுரப்பு. நெடுநாள் அசையாதிருந்து வயிற்றிற் கொழுப்புஞ் சேருமாயின் அக்கதவு எளிதில் திறவாது. நடக்கும்போதோ, சுருங்கி விரியுந் தசை இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்ளும். இந்நற்பயன் ஓரிரு நாளே நிற்பதாதலின், வாரத்தில் ஒருநாள் நெடுந்தூரம் நடப்பதினும் நாடோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலே மேல்.

சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரை அவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்தனர். வழக்கம்போல் விடப்பட்டோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளராயினர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரில் 39 பேரே அந்நிலையை அடைந்தனர். மெற்போமின் மாத்திரை உண்டோர் பெற்ற பயனும் ஏறக்குறைய அவ்வளவே. முன்னரே கடுந்தொழில் செய்தோரை அதனைத் தொடருமாறு மட்டுமே கூறினர் என்பது உழவர்நாட்டாராகிய நாம் கருதற்பாலது.

இலங்கையில் 2005–2006இல் எடுத்த கணக்கு, வளர்ந்தோரிற் பத்துப்பேருக்கு ஒருவரை நீரிழிவாளரெனக் கண்டது. அவருள் மூவரில் ஒருவர் தம் நோயை அறியாதிருந்தார். வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை. ஆதலின், நாற்பது கடந்த பழைய மாணவர் இரத்தத்தைச் சோதிப்பித்தல் நன்று.

யுத்தத்திற் காலிழந்தோர் நம்மிடையே பலர். அவர்களை நடக்கச் சொல்லுதல் எங்ஙனம்? சக்கரநாற்காலியைத் தாமே உருட்டுதலும் கைகளாற் பாரந்தூக்குதலும் அவர்க்கு ஏற்றன. இயங்குந் தசை கையினதாயினும் குளுக்கோசை ஏற்கும். ஏலவே இன்சுலின் ஏற்றுவோர் வைத்தியரை வினவியபின் தொடங்குக. பையிற் சிறிது சீனியும் வைத்திருக்க வேண்டும். நீரிழிவாளரின் பாதம் புண்ணை உணராதிருத்தலுங் கூடும். வரம்பில் வெறுங்காலுடன் நடத்தலைத் தவிர்த்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்க.