அண்டா ஆறும் நேரம்

உணவகச் சோதனை என்றால் நாளிதழில் வரும் படம் எப்போதும் ஒன்றுதான்: கெட்டுப்போன இறைச்சியைக் குப்பையில் கொட்டி, மேலே பினாயில் ஊற்றுவார்கள். கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்கிற குற்றம் அது. குழம்பு வைக்கிற ஊரில் பயப்பட வேண்டியது வாடையே இல்லாமல் வரும்.

கல்லல் பக்கம் ஒரு மெஸ் என்று வைத்துக்கொள்வோம். மதியம் மிஞ்சிய ஆட்டுக்கறிக் குழம்பை அண்டாவோடு மூடி ஓரமாக வைக்கிறார்கள், ராத்திரிக்கு ஆகும் என்று. மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அது ஆவியை வெளியே விடாது, காற்றை உள்ளே விடாது.

கொதித்ததில் கிருமியெல்லாம் செத்திருக்குமே? சாகாத சில உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாங்கிவிடும். இறைச்சியோடும் வரும், காய்ந்த மசாலாவோடும் வரும். (மிளகுக் காரத்துக்கு எந்தக் கிருமியும் நிற்காது என்று நாம் சொல்லிக்கொள்ளும் பெருமை இங்கே எடுபடாது.) கொதி அந்த வித்துகளை முளைக்கத் தூண்டுகிறது, குழம்பிலிருந்த ஆக்சிஜனையும் விரட்டுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடம்தான் அதற்கு வசதி. 43 முதல் 47 டிகிரி சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் மூன்று மணி நேரம் போனால் ஒன்று 2,62,144 ஆகும். ருசி மாறாது. சாப்பிட்டவருக்கு எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் கழித்து வயிறு முறுக்கும். பழி காலையில் தின்ற இட்லியின் மேல் விழும்.

2006-இல் இயற்றிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5-இல் நடைமுறைக்கு வந்தது. அதிகாரி எடுக்கும் மாதிரியை நான்கு பங்காக்கி, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புகிறார். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். சாயத்தையும் கலப்படத்தையும் பிடிக்க நல்ல வழி. மதியம் கொதிக்கக் கொதிக்க எடுத்த குழம்பு, மாலை நாலு மணிக்கு அது என்ன ஆனது என்று சொல்லாது.

அதைக் கேட்கும் வரி ஆய்வுப் படிவத்திலேயே இருக்கிறது: ஃபிரிட்ஜில் வைக்கப்போகும் உணவு 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஆற வேண்டும். சித்திரை மாதம் சிவகங்கைச் சீமையில் காற்றே 38 டிகிரி. வெளியே வைத்து 21-க்கு ஆற்றுவது நடக்காத காரியம். அகலத் தட்டுகளில் மெல்லிசாக ஊற்றி, ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். கெட்டிக் குழம்பின் ஆழம் பாதியானால் ஆறும் நேரம் ஏறக்குறைய கால் பங்காகும்.

மறுபடி சூடாக்கும்போது நடுக்குழம்பு 75 டிகிரியைத் தொட்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இறுகிய குழம்பில் ஒரு செம்பு வெந்நீரை ஊற்றிக் கிளறுவது கணக்கில் சேராது. படிவம் அதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. முறையாகக் கொதிக்கவைத்தால் முளைத்துப் பெருகிய பெர்ஃப்ரிஞ்சன்ஸ் செத்துவிடும். சாதத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. வெளியே கிடந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா கக்கிய, வாந்தி வரவழைக்கும் நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது.