மீன்களுக்கும் ஒரு ஸீன் வேண்டும்!

பழைய நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் நடிகர் எவ்வளவு பிரமாதமாகப் பாடினாலும், பின்னால் தொங்கும் ஸீன் சரியாக இல்லாவிட்டால் சபையோர் சிரித்துவிடுவார்கள். தர்பார் ஸீன் விழவேண்டிய இடத்தில் காட்டு ஸீன் விழுந்துவிட்டால் அன்றைய நாடகம் அவ்வளவுதான். வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களில் பலர் இந்த விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். சென்னைக் கொளத்தூருக்குப் போய் ஆசை ஆசையாக மீன் வாங்கி வருகிறார்கள். விளக்கு, காற்றுக் குழாய், கூழாங்கல் எல்லாம் வந்து சேருகின்றன. ஆனால் தொட்டிக்குப் பின்னால் தெரிவது என்ன? காரை பெயர்ந்த சுவர், பிளக்கிலிருந்து தொங்கும் ஒயர், சில வீடுகளில் மாதக் காலண்டர்!

இது நம் கண்ணுக்கு அழகா, அழகில்லையா என்பதோடு முடிந்துவிடும் விஷயமல்ல. நாலு புறமும் கண்ணாடியாக உள்ள தொட்டியில் மீனுக்கு எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லை. முன்னால் ஒருவர் நடந்தால் அது பின்னால் ஓடுகிறது. பின்னால் ஜன்னல் வழியே நிழல் ஆடினால் மறுபடி முன்னால் வருகிறது. இரண்டு நாள் இப்படித் தவித்துவிட்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொள்கிறது. இரை எடுப்பதில்லை. கடையில் பளிச்சென்று இருந்த நிறமும் மங்கிவிடுகிறது. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்கிறோம். பாவம், பல சமயங்களில் கடைக்காரர் மேல் குற்றமில்லை.

மீனின் தோலில் நிறத்துக்கென்றே தனி அணுக்கள் இருக்கின்றன. அவற்றினுள் கறுப்பு நிறமித் துகள்கள் பரவினால் மீன் கறுக்கும். துகள்கள் நடுவே ஒடுங்கினால் வெளிறும். பரவுவதா, ஒடுங்குவதா என்று உத்தரவு போடுவது பெரும்பாலும் அதன் கண்தான். மேலிருந்து வரும் வெளிச்சத்தையும், சுற்றுப்புறத்திலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தையும் கண் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சுற்றிலும் வெளுப்பாக இருந்தால் மீனும் வெளுக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன் வைத்த தொட்டியில் மீன் சோகை பிடித்தாற்போல் தோன்றுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

இப்படி நிறம் மாற்றிக்கொள்வது மீனுக்கு உயிர்ப் பிரச்னை. கொசுப் புழுவைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளில் விடுகிறார்களே, கம்பூசியா என்ற சிறு மீன், அதை வைத்து ஸம்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு சோதனை செய்து 1934-ல் வெளியிட்டார். சில மீன்களைக் கறுப்புத் தொட்டியிலும் சிலவற்றை வெள்ளைத் தொட்டியிலும் வளர்த்து நிறம் மாறவிட்டார். பிறகு இரண்டு வகையையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, பெங்குவின் பறவைகளை இறக்கினார். வெளிறிய பின்னணியில் கறுத்த மீன்களும், கறுத்த பின்னணியில் வெளிறிய மீன்களுமே அதிகமாக இரையாயின. ஆகவே, பின்னணியோடு ஒட்டாமல் தனித்துத் தெரிகிற மீன் நிம்மதியாக இராது என்பதில் ஆச்சரியம் என்ன?

சரி, திரைக்கு என்ன செலவாகும்? ஒரு மசால் தோசைக்கு ஆகும் பணம் கூட ஆகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கறுப்பு சார்ட் காகிதம் ஒன்றை வாங்கித் தொட்டியின் அளவுக்கு வெட்டி, பின்புறக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். கருநீலமும் பொருத்தமே. இரண்டொரு நாளில் மீன்கள் நடுத் தண்ணீருக்கு வந்து உலாவக் காண்பீர்கள். ஜன்னல் வழியே பின்பக்கம் விழும் வெயில் தடைபடுவதால் பாசியும் கொஞ்சம் குறையும். தண்ணீர் மாற்றும்போது நனைந்து சுருங்கிப் போவதுதான் காகிதத்தின் குறை. அதனால் என்ன, இன்னொன்று வெட்டிக் கொள்கிறோம்!

நனையாமல் இருக்கவேண்டுமென்றால் கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட் நல்லது. ஆனால் வெறுமனே ஒட்டினால் கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவே மெல்லிய காற்று நின்றுவிடும். அந்த இடத்தில் வெளிச்சம் திரும்பி, சாய்வாகப் பார்க்கையில் கண்ணாடி ரசம் பூசினாற்போல் மினுங்கும். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கிக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் லேசாகத் தடவி, ஷீட்டை மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள். காற்று விலகியதும் மினுமினுப்புப் போய்விடும். ஒரு சொட்டுக் கூடத் தொட்டிக்குள் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது வர்ணம் அடிப்பது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய எமல்ஷன் பெயிண்டில் கறுப்புச் சாயம் கலந்து, ஸ்பாஞ்சுத் துண்டால் வெளிப்புறத்தில் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை ஒற்றினால் போதும். வேண்டாமென்று தோன்றினால் ஈரம் காட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். எண்ணெய்ப் பெயிண்டையும் பீய்ச்சி அடிக்கும் பெயிண்டையும் மீன் இருக்கும் அறையில் திறக்கவே கூடாது. காற்றுக் குழாய் மோட்டார் அறையிலுள்ள காற்றைத்தானே இழுத்துத் தண்ணீரில் விடுகிறது? பெயிண்ட் ஆவியும் அதோடு போய்ச் சேரும்.

சித்திரம் வரையத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வெளிப்பக்கத்தில் பூசி உட்பக்கம் வழியாகப் பார்ப்பதால், முதலில் பூசியதுதான் முன்னால் தெரியும். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நகை, கண், மூக்கு எல்லாவற்றையும் முதலில் தீட்டிவிட்டுப் பின்னணி நிறத்தைக் கடைசியில்தான் பூசுவார்கள். அதே முறைதான். முதலில் நாணல், பிறகு பாறை, எல்லாம் காய்ந்தபின் மொத்தமாகக் கருநீலம்.

கடைகளில் அடிக்கணக்கில் விற்கும் அச்சடித்த படச் சுருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடலடிப் பவளப் பாறைக்கு முன்னால் நன்னீர்த் தங்கமீன் நீந்துவது, காட்டு ஸீனில் தர்பார் நடத்துவது போலத்தான்! கண்ணாடி போல் பளபளக்கும் தாளை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சண்டைமீன் தன் பிம்பத்தையே எதிரியென்று எண்ணிச் செவுளை விரித்து ஓயாமல் மோதிக் களைத்துப் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் தொட்டிக்கு வெளியே வைக்கும் சமாசாரம். உள்ளே எதையாவது வைக்கப் போனால்தான் ஆபத்து. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தெர்மோகோலைக் குடைந்து பாறைபோல் செதுக்கி, அதன்மேல் சிமெண்டு பூசினேன். இரண்டு நாள் காய்ந்ததும் அசல் மலைப்பாறை தோற்றது. 2 அடி நீளம், 1 அடி உயரம், 2 அங்குல கனம். தொட்டியில் இறக்கினால் நிற்கவே மாட்டேனென்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த அளவுத் தெர்மோகோலை நீர் சுமார் 9 கிலோ பாரத்துக்கு ஈடாக மேலே தள்ளும். கனமான கற்களை அண்டை கொடுத்து நிறுத்தினேன். ஒரு மாதிரி நின்றது. மறுநாள் காலையில் எட்டு நியான் டெட்ராக்களில் ஐந்து மிதந்தன.

குழாய்த் தண்ணீரில் நிறம் மாறாத சிவப்பு லிட்மஸ் காகிதம், தொட்டித் தண்ணீரில் நீலமாகிவிட்டது. சிமெண்டு இறுகும்போது சுண்ணாம்பு பிரிந்து வெளியேறுகிறது. அது தண்ணீரைக் காரமாக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவும் காரத் தண்ணீரில் அதிக விஷமாகிறது. சிமெண்டு பூசிய எதையும் வாளித் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, லிட்மஸ் காட்டிய பிறகே இறக்கவேண்டும். மீன் விடுமுன் காலித் தொட்டியிலேயே ஸிலிகோன் பசையால் ஒட்டி நன்றாகக் காயவிட வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைக்கொல்லி கலந்த பசை உதவாது. அந்த ஐந்து மீன்களுக்கு என் அவசரத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல் பலகையை நிறுத்த விரும்புகிறவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கடப்பைக் கல் கறுப்பாக, அழகாக இருக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. எந்தக் கல்லானாலும் அதைக் கொஞ்சம் சுரண்டி, அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம். ராமேசுவரம் பக்கத்துப் பவளக் கல்லை எடுத்து வருவதோ சட்டப்படி குற்றம்.

உள்ளேதான் வேண்டுமென்று மனம் கேட்காவிட்டால் ஜாவா பாசி இருக்கிறது. மருந்து ஊறாத சாதாரணப் பிளாஸ்டிக் வலைத் துண்டுகள் இரண்டுக்கு நடுவே பாசியை மெல்லப் பரப்பி, தூண்டில் நரம்பால் தைத்துப் பின்புறம் நிறுத்தவேண்டும். சில மாதங்களில் பச்சைச் சுவராகிவிடும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

கடைசியாக, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு யோசனை. தொட்டியளவுக்கு ஓர் அட்டைப் பெட்டி. 6 அங்குல ஆழம் போதும். ஒரு பக்கத்தைத் திறந்து, உள்ளே கருநீலம் பூசி, காய்ந்த கிளை, மரப்பட்டை, கூழாங்கல் வைத்துத் திறந்த பக்கம் கண்ணாடியை ஒட்டினாற்போல் தொட்டிக்குப் பின்னால் நிறுத்துங்கள். முன்னாலிருந்து பார்த்தால் தொட்டி இரு மடங்கு ஆழமாகத் தோன்றும். ஒன்றும் தண்ணீரைத் தொடாததால் லிட்மஸும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். பெட்டிக்குள் விளக்கு வைப்பதானால் சூடேறாத சிறு எல்.இ.டி. விளக்காக இருக்கட்டும். எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு புளியங்கிளை நிற்கிறது. போன நவராத்திரிக்குப் பேத்தி அதன் கீழே கொலுவிலிருந்து ஒரு செட்டியார் பொம்மையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். மிஞ்சிய மூன்று டெட்ராக்களும் அவரைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.