உங்களுக்குத் தெரியுமா? கல்முனைக் கணக்கு!

இலங்கையின் மிக நீளமான நெடுஞ்சாலை ஏ4. கொழும்பில் கிளம்பி, இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று வளைந்து வந்து மட்டக்களப்பில் முடிகிறது. கல்முனை பஜாரில் நீங்கள் தினமும் குறுக்கே கடக்கிறீர்களே, அதே வீதிதான்! நீளம் 400 கிலோமீற்றருக்கும் மேல்!

கல்முனை இருக்கும் மாவட்டத்தின் தலைநகர் அம்பாறை. அங்கே இருப்பது நகர சபை. மாநகர சபைகளோ கரையோரத்தில், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும்! ஒன்றல்ல, 2!

கச்சேரிக் கடிதத்தில் அம்பாறை. தேர்தல் வந்தால் திகாமடுல்ல. மாவட்டம் ஒன்று, பெயர் 2!

அந்த மாவட்டமே பிறந்தது 1961இல்தான். அதற்கு முன்னர் கல்முனை மட்டக்களப்பு மாவட்டம்!

கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை. ஒரே மாநகர எல்லைக்குள் 3 முனைகள்!

இஸ்லாமாபாத் போக விசா எதற்கு? கல்முனையிலேயே ஓர் இஸ்லாமாபாத் இருக்கிறது. ஆட்டோவில் போய் வரலாம்!

கிழக்கே கடல். மேற்கே வயலும் வாவியும். மட்டக்களப்பு வாவி தெற்கே நீண்டு நீண்டு நம் கொல்லைப்புறம் வரை வந்துவிடுகிறது. மொத்த நீளம் 56 கிலோமீற்றர்!

நாகூர் இருப்பது தமிழ்நாட்டில். நாகூர் ஆண்டகைக்குக் கொடி ஏறுவது நம் கடற்கரைப் பள்ளிவாசலிலும்! வருடம் தவறாமல் 12 நாள்!

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயிலில் மகாபாரதமே விழாவாக நடக்கும். கடைசியில் தீமிதிப்பு. மொத்தம் 18 நாள்!

1942. யுத்தகால உணவுத் தட்டுப்பாடு. நாட்டின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி ஏ.எம்.ஏ. அஸீஸ் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல்லைப் பெருக்க வந்தவர் கல்விச் சங்கத்தையும் தொடங்கி வைத்தார்! அந்த விதைதான் 1945இல் நாடு தழுவிய முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியாக முளைத்தது!

பிரான்ஸில் ஊருக்கு ஊர் ஒரு கொம்யூன், ஒரு மேயர். ஏறத்தாழ 35,000! முதல் உலகப் போரில் அழிந்து, இன்று ஒருவர்கூட வசிக்காத ஊர்களுக்கும் மேயர் உண்டு. அப்படி 6 ஊர்கள்! இலங்கை முழுவதற்கும் உள்ளூராட்சி மன்றங்கள் சுமார் 340தான்!

அந்த 340இல் ஒன்றான கல்முனை மாநகர சபையின் எல்லைக்குள்தான் சாய்ந்தமருது. அங்கே மட்டும் 17 கிராம சேவகர் பிரிவுகள். 2020 பெப்ரவரியில் அந்த ஊருக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது!

அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை இன்னொன்று. ஒரே ஊரில் ஆதார வைத்தியசாலைகள் 2!

கடைசியாக ஒரு கேள்வி. இலங்கையில் எத்தனை மாவட்டங்கள்? 25 என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். சுகாதார அமைச்சின் டெங்கு அட்டவணையை எண்ணிப் பாருங்கள். அம்பாறை தனி வரி, கல்முனை தனி வரி. மொத்தம் 26!