எந்தப் பிழைக்குக் கவலைப்பட வேண்டும்?

ஆங்கிலம் பேசும் வீட்டில் ஒரு குழந்தை, சாப்பிட்டதைச் சொல்ல, ‘ஏட்’ என்பதற்குப் பதிலாக ‘ஈட்டட்’ என்று சொன்னால் பெரியவர்கள் சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். ‘எஸ்டர்டே ஹீ ஈட்’ என்று இறந்தகாலமே இல்லாமல் சொன்னால் பலர் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் குழந்தைகளின் மொழியை ஆராய்பவர்களுக்கு முதல் பிழை நல்ல செய்தி. நடந்து முடிந்ததைச் சொல்ல வினையோடு ஓர் ஒட்டு சேர வேண்டும் என்ற விதி அந்தக் குழந்தைக்குப் பிடிபட்டுவிட்டது, விதிவிலக்குகள்தான் பாக்கி. இரண்டாவது பிழை மூன்று வயதில் இயல்பு. ஐந்து வயதிலும் அடிக்கடி வந்தால் விசாரிக்க வேண்டும்.

காது நன்றாகக் கேட்கும், புதிர்ப் படங்களைச் சரியாக அடுக்கும், விளையாட்டில் சுட்டியாக இருக்கும். மொழி மட்டும் பிடிபடாமல் நழுவும். இப்படிப்பட்ட குழந்தைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் மழலையர் வகுப்புக் குழந்தைகள் 7,218 பேரைச் சோதித்த ஆய்வு 1997இல் வெளியானது. அதன் கணக்குப்படி சுமார் 7 சதவீதம் பேருக்கு இந்த மொழிக் குறைபாடு இருந்தது. அவர்களின் பெற்றோரில் 29 சதவீதத்தினரிடம் மட்டுமே அதற்கு முன் யாராவது இதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முதல் எண்ணைவிட இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

குறைபாட்டைக் கண்டறிய இலக்கணத்தையே கருவியாக்கியவர்கள் மேபல் ரைஸ், கென்னத் வெக்ஸ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1990களின் நடுவில் அவர்கள் குறைபாடுள்ள ஐந்து வயதுக் குழந்தைகளை, அதே நீளத்தில் வாக்கியம் பேசும் மூன்று வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். காலம் காட்டும் ஒட்டுகளைச் சேர்ப்பதில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கும் பின்னால் நின்றார்கள். ஆக, இது வெறும் தாமதம் அல்ல.

அந்த ஆய்விலிருந்து 2001இல் ஒரு தேர்வு உருவானது. ஓர் ஆசிரியரின் படத்தைக் காட்டி, “இவர் ஒரு டீச்சர். டீச்சர் என்ன செய்வார், சொல்லு” என்பார்கள். ‘டீச்சஸ்’ என்று பதில் வர வேண்டும். ‘டீச்’ என்று வந்தால் ஒட்டு விடுபட்டதாகக் கணக்கு. ‘ஈட்டட்’ போன்ற பதிலை இந்தத் தேர்வு காலம் காட்டிய பதிலாகவே ஏற்கிறது. இந்தக் கேள்விகளுக்கும் முன்பாக, சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளைக் குழந்தையால் உச்சரிக்க முடிகிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். உச்சரிப்புக் கோளாறை இலக்கணக் கோளாறாக எண்ணிவிடக் கூடாதே! ‘கேட்ஸ்’ என்று பன்மையைச் சரியாகச் சொல்லும் பிள்ளை ‘வாக்ஸ்’ என்னும் வினையில் அதே ‘ஸ்’ஸை விட்டுவிடுவது உண்டு. நாக்குக்கு அங்கே ஒரு சிரமமும் இல்லை.

இந்த அளவுகோலை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆங்கிலத்தில் ‘ஷீ வாக்’ என்பதும் முறையான வழக்கு. அதைப் பிழையாக எண்ணினால் நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் குறைபாட்டு முத்திரை விழும். இத்தாலியக் குழந்தைகளிடம் ‘அவனை’, ‘அவளை’ என்ற பொருளில் வினையோடு ஒட்டி வரும் குட்டிச் சொற்கள் விடுபடுவதுதான் முக்கிய அடையாளம். ஒவ்வொரு மொழியிலும் பலவீனம் வேறு இடத்தில் தெரிகிறது.

தமிழில் ‘போனாள்’ என்ற ஒரே சொல்லில் இடைநிலை காலத்தையும், விகுதி பால், எண், இடத்தையும் காட்டிவிடுகின்றன. அவற்றை உதிர்த்துவிட்டால் மிஞ்சும் ‘போ’ ஒரு கட்டளை. ஆங்கிலத் தேர்வை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்ப் பிள்ளைகளிடம் வைப்பதில் அர்த்தமில்லை. வேற்றுமை உருபுகள், வினைமுற்றின் இயைபு, ‘வந்த பையன்’ போன்ற பெயரெச்சத் தொடர்கள் என்று நம் இலக்கணத்திலிருந்தே அளவுகோல் எழ வேண்டும். டொராண்டோவிலோ லண்டனிலோ வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்து, பள்ளியில் புதிதாக ஆங்கிலம் கற்கும் குழந்தையும் ‘ஷீ வாக்’ என்றுதான் சொல்லும். அதன் தமிழையும் கேட்காமல் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு மொழி பேசுவதால் இந்தக் குறைபாடு வருவதில்லை. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள்.

“ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான்” என்று நம் வீடுகளில் ஆறுதல் சொல்வார்கள். அப்பாவும் அப்படி இருந்திருந்தால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. தாய் சரியாகப் பேசிப் பழக்கவில்லை என்ற பழிக்கும் இங்கே இடமில்லை.

நான்கு வயதாகியும் உங்கள் குழந்தையின் வாக்கியங்கள் அதே வயதுப் பிள்ளைகளுடையதைவிடக் குட்டையாகவும் உடைந்தும் இருந்தால் காத்திருக்காதீர்கள். முதலில் செவித்திறன் பரிசோதனை, அடுத்து ஸ்பீச் தெரபிஸ்ட். போகும்போது, குழந்தை வீட்டில் சொன்ன வாக்கியங்களைத் திருத்தாமல், அது சொன்னபடியே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.