அழிப்பானில் ஒரு முத்திரை செதுக்குவோமா?

மாணவர்களே, பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய வீதிகளில், 'காக்கி லீமா' எனும் ஐந்தடி நடைபாதையில் சிறு மேசை போட்டு ரப்பர் முத்திரை செதுக்கித் தருவோர் இருந்தனர். சாப்பு வேண்டுமென்றால் அவர்களிடம்தான் போவார்கள். கணினியும் லேசர் இயந்திரமும் வந்தபின் அந்தக் கைத்தொழில் அருகிவிட்டது. அதற்குள் இருக்கும் அறிவியலை ஓர் அழிப்பானை வைத்து நீங்களே கற்றுக்கொள்ளலாம்.

ஏன் ரப்பர்?

வழவழப்பான தாளிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. கடினமான முத்திரை மேடுகளையே தொடும். பள்ளங்களில் மை படியாது. ரப்பரோ அழுத்தினால் வளைந்து கொடுத்துப் பள்ளத்தையும் தொடும். கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்கே திரும்பும்.

பால்மரத்திலிருந்து கிடைக்கும் ரப்பர் அப்படியே இதற்கு உதவாது. சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகின்றன. இதற்கு வல்கனைசேஷன் என்று பெயர்.

1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உங்கள் பாட்டியோ தாத்தாவோ அவர்களுள் ஒருவராக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

செய்முறை

1. மெல்லிய தாளில், மென்மையான பென்சிலால் எழுத்தை அழுத்தமாக எழுதுங்கள்.
2. தாளைக் கவிழ்த்து அழிப்பான்மேல் வைத்து, பின்புறம் நகத்தால் தேயுங்கள். எழுத்து இடவலம் மாறிப் பதியும்.
3. கோடுகளைச் சுற்றியுள்ள பகுதியை 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கி நீக்குங்கள். எழுத்தின் அடி அகலமாக இருக்கும்படி கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள். அடியைக் குடைந்தால் எழுத்து ஒடிந்துவிடும்.
4. மை அட்டையில் மெல்லத் தட்டித் தாளில் பதியுங்கள்.

கத்தியைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். கத்தி செல்லும் திசையில் விரலை வைக்காதீர்கள்.

எழுத்து ஏன் திரும்புகிறது?

முத்திரையும் தாளும் நேருக்கு நேர் சந்திப்பதால் இடம் வலமாகும். செதுக்கும்போது ஒருமுறை, பதிக்கும்போது மறுமுறை என இருமுறை திரும்புவதால் எழுத்து நேராகிவிடும். 'ப' திரும்பினாலும் ஏறக்குறைய 'ப'தான், தொடக்கத்துக்கு ஏற்றது. 'ட' அப்படியல்ல. 'கொ' என்று செதுக்கினால் கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் நிற்கும். செதுக்கும் முன் கண்ணாடியில் காட்டிச் சரிபாருங்கள்.

இன்னொன்று: இன்றைய வெள்ளை அழிப்பான்கள் பலவும் ரப்பர் அல்ல, பி.வி.சி. எனும் நெகிழி. மென்மைக்காக அதில் கலந்த பொருள் மெல்லக் கசிவதால்தான், பெட்டிக்குள் கிடக்கும் அழிப்பான் சில சமயம் பிளாஸ்டிக் அடிக்கோலோடு ஒட்டிக்கொள்கிறது. முத்திரையைத் தாளில் சுற்றி வையுங்கள்.

பள்ளி, அலுவலக முத்திரைகளைப் போலச் செய்யாதீர்கள், அது குற்றம். உங்கள் பெயரின் முதலெழுத்தில் தொடங்குங்கள். வாழ்த்து அட்டையில் அது பதியும்போது, நடைபாதைக் கைவினைஞரின் பொறுமை எத்தகையது என்பது உங்கள் விரல்களுக்கே புரியும்.